கடைசிப் பல்லும் கட்டாத கயிறும்

மாட்டு மருந்தகத்தில் வேலை பார்த்தவனிடம் மாடு பிழைத்த செய்தியைச் சொல்ல ஒருவரும் மெனக்கெட்டு வருவதில்லை. செத்த செய்தியைச் சொல்ல ஊரே திரண்டு வரும். பாகூர்ப் பக்கத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றில் உதவியாளனாகச் சேர்ந்து உதவியாளனாகவே ஓய்வு பெற்றவன் நான். மருந்து கலக்குவது, ஊசி போடும்போது மாட்டைப் பிடித்துக்கொள்வது, டாக்டர் விடுப்பில் இருக்கும் நாளில் அவருக்குச் சேர வேண்டிய திட்டுகளையும் சேர்த்து வாங்கிக்கொள்வது ஆகியவை என் பணிகள். ஊரார் எனக்குச் சூட்டிய பட்டம் கம்பவுண்டர். பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதற்கு மேல் நான் கற்றதனைத்தும் நூலகத்து மரப் பெஞ்சில் அமர்ந்து கற்றது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

இத்தொழிலில் காலம் தள்ளிய சகோதரர்களே, மாட்டின் வாலடி பட்டுத் தடித்த கன்னங்களை உடையவர்களே, நீங்கள் அறிவீர்கள்: செத்த மாட்டின் பக்கத்தில் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு எந்த மருந்துப் பெட்டியிலும் பதில் இராது. என்னிடம் அப்படிக் கேட்கப்பட்ட ஒரு கேள்வி, என் மீதிப் பணிக்காலம் முழுவதும் என் சைக்கிளுக்குப் பின்னாலேயே நடந்து வந்தது. அதற்குப் பதில் தேடி நான் அலைந்த கதையே இது.

சூலக்குறி

தனபாக்கியத்தம்மாளின் வீடு ஏரியை ஒட்டிய கிராமத்தில் இருந்தது. நெல்லும் கரும்பும் பயிரிட்ட குடும்பம். கணவருக்கு நோய் முற்றியபோது, வீட்டுப் பசு ஈன்ற செவலைக் காளைக்கன்றைச் சிவன் கோயிலுக்கு விடுவதாக அவரே நேர்ந்துகொண்டார். கன்று வளர்ந்தது, அவர் பிழைக்கவில்லை. பிழைக்காதவருக்கு நேர்த்திக்கடன் எதற்கு என்று உறவினர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் கேட்கவில்லை. ஒரு பிரதோஷத்தன்று கன்றுக்கு மஞ்சள் பூசி, மாலை அணிவித்து, கோயில் வாசலுக்கு ஓட்டி வந்துவிட்டார். தொடையில் சூலக்குறி சுட்டார்கள். சுட்ட புண்ணில் ஈ மொய்க்காமல் மருந்து தடவுவதற்காக நான் அழைக்கப்பட்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இதற்குச் சில விதிகள் உண்டு. கோயிலுக்கு விட்ட காளைக்கு மூக்குக் குத்தலாகாது; அதன் கழுத்தில் கயிறு ஏறலாகாது. அவிழ்த்த கயிற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் கோயில் வேப்பமரத்திலேயே கட்டிவிட வேண்டும். எல்லாவற்றிலும் கடினமான விதி ஒன்று: விட்ட வீட்டார் அதை வீட்டுப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. அதுவாக வாசலுக்கு வந்தால் தீனி வைக்கலாம். அழைத்து வைக்கக் கூடாது. அக்கன்றின் வீட்டுப் பெயர் சின்னான். கயிற்றை அவிழ்க்கும்போது அந்த அம்மாள் கடைசியாக ஒருமுறை அப்பெயரைச் சொன்னார். அது திரும்பிப் பார்த்தது. பிறகு பூக்கடைக்கு நடந்து சென்று ஒரு முழம் சாமந்தியைத் தின்றது. பூக்காரி ஐயோ என்று அலற, கூட்டம் சிரித்தது. தனபாக்கியத்தம்மாள் மட்டும் சிரிக்காமல் என்னிடம் வந்து நின்றார்.

"கம்பவுண்டரே, கட்டி வச்ச மாடு எப்படி சாவும்னு எனக்குத் தெரியும், பாத்திருக்கேன். இத அவுத்து வுட்டுட்டனே, காட்ல யாருமில்லாம திரியறதெல்லாம் எப்படித்தான் சாவுது?"

நூலகத்துக் காட்டெருது

எங்கள் கொம்யூன் வட்டாரத்தில் காடு என்றால் சவுக்குத் தோப்பு. காட்டு விலங்கு என்றால் கீரி. டாக்டரிடம் கேட்டேன். "நான் பொழைக்க வைக்கப் படிச்சவன், நீங்க சாவறதைக் கேக்கறீங்களே" என்று நல்லவிதமாகவே சொல்லி, அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். ஆகவே நூலகம் சென்றேன். வனவிலங்குகளைப் பற்றி அங்கிருந்த தடித்த நூலில் காட்டெருதின் வண்ணப்படம் ஒன்று இருந்தது. கரும்பாறையைச் செதுக்கியது போன்ற திமில். முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை அணிந்தது போன்ற நிறம். அந்தப் பக்கத்தைத் திறந்தால் எனக்கு மூடத் தோன்றாது. ஒருமுறையேனும் இதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஏக்கம் அந்தப் பெஞ்சில்தான் என்னைப் பிடித்தது. நூலகர், "படத்தைப் பாத்துப் பாத்துத் தேய்ச்சிடாதீங்க ஐயா, மத்தவங்களும் பாக்கணும்" என்பார்.

புலியும் செந்நாயும் அடித்துத்தான் எல்லாம் சாகின்றன என்று நானும் எண்ணியிருந்தேன். அப்படியன்று. புல்லோடு மண்ணையும் சேர்த்து ஆண்டுக்கணக்கில் அரைத்து அரைத்து, மேயும் விலங்கின் பற்கள் தேய்ந்துபோகின்றன. கடைசிப் பல்லும் ஈறோடு ஈறாக ஆனபின், முழங்கால் உயரப் புல்லின் நடுவில் நின்றாலும் அதனால் அரைக்க முடியாது. விலா எலும்பு தெரியும். அதற்கப்புறம் ஒரு கோடையோ ஒரு குளிர்மழையோ போதும்.

இதைச் சொல்லச் சென்றபோது தனபாக்கியத்தம்மாள் வாசலில் அலுமினியக் குண்டானில் தவிட்டுத் தண்ணீர் கலந்து வைத்துக்கொண்டிருந்தார். அதை அவர் தினமும் வைப்பார். செவலைக் காளை அத்தெரு வழியாகத்தான் தினமும் வரும். குண்டானைத் தாண்டிப் போய் எதிர்வீட்டில் வாழைப்பழத்தோல் தின்னும். அன்றும் தாண்டிப் போயிற்று. அந்த அம்மாள் அதன் முதுகையே பார்த்துக்கொண்டு, நான் படித்ததையெல்லாம் கேட்டு முடித்தார்.

"புல்லு இருந்துமா சாவுது? எனக்குப் பல்லு போனா கஞ்சி ஊத்த மருமவ இருக்கா. அதுக்கு யாரு இருக்கா?"

சிறுத்தை வந்த காலை

கிருமாம்பாக்கத்துக்கு மேற்கே, கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில் கட்டியிருந்த குப்புசாமியின் கிடாரி, தலைச்சன் கன்றை ஈன்ற விடியற்காலையிலேயே இழந்தது. கன்றின் கழுத்து கிழிந்திருந்தது. சிறுத்தை வந்துவிட்டது என்று செய்தி பரவியது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கரும்பு வெட்ட வந்தவர்கள் கத்தியோடு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். செல்பேசியில் சுற்றிய படத்தில் சிறுத்தைக்குப் பின்னால் பனிமலை தெரிந்தது, அதையும் நம்பினார்கள். மறைப்பானேன், அது சிறுத்தையாகவே இருந்துவிடக் கூடாதா என்று எனக்கும் உள்ளூர ஓர் ஆசை இருந்தது. காட்டுக்கு நான் போக முடியவில்லை. காடாவது என்னைத் தேடி வந்ததே என்று சைக்கிளை வேகமாக மிதித்தேன்.

காட்டிலும் ஈன்ற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று நான் படித்திருந்தேன். பிறந்த ஈரம் காயாத குட்டியையே கொல்லவரும் விலங்கு முதலில் குறிவைக்கும். தாய் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும். சில வேளை வெல்லவும் வெல்லும். குப்புசாமியின் கிடாரியும் சுற்றிச் சுற்றித்தான் வந்திருந்தது. முளைக்குச்சியை நடுவாக வைத்து, கயிற்றின் நீளத்துக்கு வட்டமாகத் தரை உழப்பட்டிருந்தது. கன்று அந்த வட்டத்துக்கு ஒரு முழம் வெளியே கிடந்தது. சுற்றிலும் நாய்க் காலடிகள். என் முகத்தைப் பார்த்தே குப்புசாமி புரிந்துகொண்டார். கூட்டத்திலிருந்து என்னைத் தள்ளி அழைத்துப் போய்க் காதோடு சொன்னார்:

"அண்ணே, இன்னொரு வாட்டி நல்லா பாத்து சொல்லுங்க. சிறுத்தைன்னா பேப்பர்காரன் வருவான், நாலு பேரு துக்கம் கேப்பான். நாயின்னா, ஏன்டா கட்டிப் போட்டுட்டுத் தூங்கினன்னு என்னத்தான் கேப்பான்."

அவிழாத முடிச்சு

ஒரு மழைக்காலத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து, கொம்யூனின் தெற்கு ஓரத்துக் கிராமங்கள் தண்ணீரில் நின்றன. டாக்டரும் நானும் டிராக்டரில் மருந்துப் பெட்டிகளோடு போனோம். வழியில் ஏரிக்கரைமேல் குடையோடு தனபாக்கியத்தம்மாள் நின்றிருந்தார். கண்கள் எதையோ தேடிக்கொண்டிருந்தன. கொஞ்சதூரம் தள்ளி, கரையின் உச்சியில், ஆடுகளுக்கு நடுவே செவலைக் காளை நின்று, நனைந்த பாய் ஒன்றை மென்றுகொண்டிருந்தது. தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அதுவாக மேட்டுக்கு ஏறிவிட்டிருந்தது. அந்த அம்மாள் அதைப் பார்த்ததும் குடையை மடக்கிவிட்டார்; மழை விடவில்லை, ஆனாலும் மடக்கிவிட்டார்.

கிராமத்தில் ஆரோக்கியசாமி என்பவரின் ஒரே பசு கொட்டகையிலேயே மூழ்கிச் செத்திருந்தது. காலமெல்லாம் கூலி வேலை செய்து, வயதான பிறகு சொந்தமாக வாங்கிய பசு. இரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடியவர்கள், காலையில்தான் திரும்பி வர முடிந்தது. காட்டிலும் வெள்ளம் மாடுகளைக் கொல்லும். ஆறு கடக்கும்போது கூட்டம் கூட்டமாக அடித்துப் போகும் என்று படித்திருக்கிறேன். ஆனால் அவை நீந்திப் பார்த்துவிட்டுச் சாகின்றன. இதை நான் ஆரோக்கியசாமியிடம் சொல்லவில்லை. படித்ததையெல்லாம் சொல்லிவிடக் கூடாது என்று அன்று தெரிந்துகொண்டேன். அவர் பசுவின் கழுத்துப் பக்கம் குனிந்து, கயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"முடிச்சு நான் போட்டதுதான், கம்பவுண்டரே. பாருங்க, இத்தினி தண்ணியிலயும் அவுறல."

கடலூர் சாலையில் மல்யுத்தம்

செவலைக் காளை வாலிபத்தில் கொம்யூன் முழுவதையும் தன் காடாக்கிக்கொண்டது. ஒருநாள் கடலூர் சாலையில் இன்னொரு கோயிலின் கறுப்புக் காளையோடு அதற்கு மோதல் வந்தது. கொம்போடு கொம்பு பூட்டி இரண்டும் நெடுஞ்சாலையின் குறுக்கே நின்றன. இருபுறமும் பேருந்துகள் வரிசை கட்டின. வாளியில் தண்ணீர் ஊற்றினார்கள், பட்டாசு வெடித்தார்கள், ஒருவர் சங்கு ஊதினார். எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போய் மட்டும் என்ன செய்வது? ஊர்க்காரர்களோடு சேர்ந்து நின்று பார்த்தேன். கண்டக்டர் ஒருவர் என்னைத் துறையின் பிரதிநிதியாகக் கருதி, "லேட்டுக்கு இன்னா காரணம் சொல்லட்டும் சார்? ரெண்டு சாமிக்குள்ள தகராறுன்னா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கறுப்பு ஓடிவிட்டது. வென்ற செவலைக்குத் தோளில் ஆழமான கொம்புக் குத்து. காட்டில் ஆண் விலங்குகள் பலவற்றின் முடிவு இப்படித்தான் தொடங்குகிறது: சண்டையில் வென்றதும் தோற்றதும் ஒன்றேபோல் புண் சீழ் பிடித்து, புழு வைத்து, மெல்லமெல்லச் சாகின்றன. ஆனால் இது காடன்று. நானும் சம்பளம் வாங்குபவன். கயிறு போட்டுக் கட்டலாகாத காளைக்கு எப்படி மருந்திடுவது? பயிருக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்கி, அதில் புண்மருந்தை நிரப்பி, கோயில் மதில்மேல் ஏறிக் காத்திருந்தேன். நண்பகலில் நிழலுக்கு வந்து படுத்தால் மேலிருந்து தெளிப்பேன். இவ்வாறு புண் ஆறும்வரை நான் மதில்மேலேயே பணியாற்றினேன். மாத்திரையை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. பழம் தினமும் தனபாக்கியத்தம்மாள் வீட்டிலிருந்து வந்தது. கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, அங்கே நின்ற கோயில் தேருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். தேடி வந்து தீனி வைப்பதும் அழைப்பதுபோல் ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம். பழம் தீர்ந்ததும் வெளியே வருவார். தினமும் அதையே கேட்பார்.

"தின்னுச்சா? யாரு குடுத்து வுட்டதுன்னு அதுக்குத் தெரியுமா, கம்பவுண்டரே?"

மலையேறியது

ஓய்வுபெற்றபின் ஒருவாறாக என் ஏக்கம் தீரும் காலம் வந்தது. என்னைப் போன்ற சிலர் சேர்ந்து வேன் பேசி, மேற்கே மலைக்காடு பார்க்கப் புறப்பட்டோம். "மாடு சாவறதப் பாக்க அத்தினி தூரம் போவணுமா? நம்மூர்ல இன்னா, சாவாமலா இருக்குது?" என்று என் மனைவி கேட்டாள். நான் கம்பளியை மடித்து வைத்தேன். காட்டுப் பாதையில் வேன் நுழைந்ததும் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டேன். கூட வந்தவர்கள் பாட்டுப் போடச் சொன்னார்கள்; ஒருவர் டீக்கடை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். குரங்கு பார்த்தோம். மயில் பார்த்தோம். மூங்கிலுக்குள் கறுப்பாக ஏதோ அசைந்தபோது என் நெஞ்சு நின்று நடந்தது. அது சாலைப்பணிக்கு வந்த ரோலர்.

வனத்துறைக் குடிசை ஒன்றின் முன் காட்டெருதின் மண்டையோடு வைத்திருந்தார்கள். நான் படத்தில் பார்த்த அந்தக் கொம்பு. குனிந்து தாடையைத் தொட்டேன். கடைவாய்ப் பற்கள் ஆற்றுக் கூழாங்கல்போல் வழவழவென்று தேய்ந்திருந்தன. ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தேன். இது எப்படிச் செத்தது, யார் பார்த்தீர்கள் என்று அங்கிருந்த காவலரைக் கேட்டேன். அவர் வெற்றிலை மென்றபடி, அறியாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"சாகறத யாருங்க பாத்தாங்க? வயசாயிட்டா கூட்டத்த விட்டு ஒதுங்கிருமுங்க. தண்ணி பக்கமாப் போயி, நல்ல புல்லாப் பாத்து நின்னுக்கும். நாங்க பாக்கறதெல்லாம் எலும்பத்தான்."

ஏரிக்குள்

நான் திரும்பி வந்தபோது செவலைக் காளை தெருவுக்கு வருவதை நிறுத்தியிருந்தது. கடைக்காரர்கள் முதலில் நிம்மதியடைந்தார்கள், பிறகு தேடினார்கள். கோடையில் ஏரி சுருங்கி நடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. சுற்றிலும் பச்சைப் புல். அதன் நடுவே, யாரோடும் சேராமல், அது படுத்திருந்தது. கோயில் தர்மகர்த்தா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஓய்வுபெற்றவனை ஏன் அழைக்கிறீர்கள் என்று கேட்டேன். அதுவும் ஓய்வுபெற்றதுதானே என்றார். நான் அருகில் சென்று உட்கார்ந்தேன். அது விலகவில்லை. அதைச் சுற்றிப் பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடந்தன. உதட்டை விலக்கிப் பார்த்தேன். மலையில் நான் தொட்ட அதே பற்கள். நோய் எதுவும் இல்லை, வயதுதான் என்று சொன்னேன். கொட்டகையில் கட்டி வைத்து, குளுக்கோஸ் ஏற்றினால் சில காலம் இழுத்துக்கொண்டிருக்கும்.

ஊர் இளைஞர்கள் புத்தம்புது நைலான் கயிற்றோடும், குட்டியானைச் சரக்கு வண்டியோடும் வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். சிறுவயதில் அதன் முதுகில் கல்லெறிந்தவர்கள். இப்போது அதற்காகக் கண் கலங்கி நின்றார்கள். கயிறு போடுவதற்குக் குருக்களும் பரிகாரம் சொல்லிவிட்டார். தர்மகர்த்தா தனபாக்கியத்தம்மாளிடம், "நீங்க ஊம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க ஆயா. சாயந்தரத்துக்குள்ள உங்க வூட்டுக் கொட்டாயில நிக்கும். இனிமே அது உங்க மாடுதான்" என்றார். இத்தனை ஆண்டுகள் வாசலில் குண்டானை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் காத்திருந்தது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என்பதை நான் மட்டுமே அறிவேன். அவர் கயிற்றைக் கையில் வாங்கினார். விரலால் நெருடிப் பார்த்தார். காளை கயிற்றைப் பார்த்தது. முன்னங்கால் மடக்கி, தள்ளாடி எழுந்து, சில அடிகள் விலகிப்போய் நின்றது. அவர் கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கயிறு போட்டு இழுத்தாந்தா அது வந்ததா ஆவுமா? வாணாம்பா. கூப்புடக் கூடாதுன்னுதான் விதி. நான் போவக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே."

குண்டான்

மறுநாள் காலையிலிருந்து அந்தக் குண்டான் வாசலை விட்டு ஏரிக்குள் போயிற்று. குழைய வடித்த கஞ்சியில் தவிடும் கொஞ்சம் வெல்லமும். தலையில் சும்மாடு வைத்து அவரே சுமந்தார். மருமகள் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்து, "எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சது உங்க புள்ளைக்கா, இந்த மாட்டுக்கா அத்த?" என்று நாள் தவறாமல் கேட்பாள், நாள் தவறாமல் வெல்லத்தையும் அவள்தான் இடித்துப் போடுவாள். முதலில் சில நாள் காளை, அவர்கள் தூரமாக விலகும்வரை குண்டானை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு அவர் வரப்பில் உட்கார்ந்திருக்கும்போதே குடித்தது. பிறகு அவர் குண்டானைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே குடித்தது. யார் வீட்டில் வளைகாப்பு, யார் வயலில் ஆழ்துளைக் கிணறு பொய்த்தது என்று ஊர்ச் சங்கதியெல்லாம் அதனிடம் சொல்வார். பெயரை மட்டும் சொல்லமாட்டார். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

நானும் நடக்க முடிந்த நாட்களில் போவேன். படித்தவன் என்ற முறையில் ஒருநாள், "காட்டில் இப்படிக் கஞ்சி கொடுக்க யாரும் வரமாட்டார்கள், அம்மா" என்று எடுத்துரைத்தேன். "காட்ல அதுக்கு ஒரு பேரும் வச்சிருக்கமாட்டாங்க இல்ல" என்றார்.

மேகம் மூடியிருந்த ஒரு காலை, நாங்கள் போனபோது காளை வழக்கமான இடத்தில் இல்லை. புல்லில் அது படுத்த பள்ளம் மட்டும் இருந்தது. குளம்படிகளைத் தொடர்ந்து போனோம். நடக்காது என்று நான் எண்ணியிருந்த தூரத்தை நடந்து, தண்ணீரின் விளிம்புக்குப் போய், முன்னங்கால்களை மடித்து, தலையைச் சேற்றின்மேல் சாய்த்து முடிந்திருந்தது. கண் திறந்திருந்தது. சுற்றி உண்ணிக்கொக்குகள் வழக்கம்போல் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று அதன் முதுகின்மேலேயே நின்றது. போராடிய தடம் எதுவும் இல்லை. கழுத்தில் தழும்பு இல்லை. நூல்களில் நான் பக்கம் பக்கமாகத் தேடியதும், மலையில் அந்தக் காவலர் சொன்னதும் என் கண்ணெதிரே, எங்கள் ஏரியிலேயே கிடந்தது. பார்க்க விரும்பியதைப் பார்த்துவிட்டேன் என்ற மகிழ்ச்சி எனக்கு வரவில்லை.

தனபாக்கியத்தம்மாள் தலையிலிருந்த குண்டானைத் தளும்பாமல் இறக்கி வைத்தார். "நான் வர்ற வரைக்கும் இருக்கல பாரு" என்றார் மருமகளிடம். அழவில்லை. சேற்றில் இறங்கி, அதன் நெற்றியில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துவிட்டார். தொடையில் சூலக்குறி இருந்த இடத்தைத் தடவினார். கரையில் தர்மகர்த்தாவும் இளைஞர்களும் மாலையோடு வந்து, கிட்டே வராமல் நின்றார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். பல ஆண்டுகளுக்கு முன் கோயில் வாசலில் என்னிடம் கேட்டபோது இருந்த அதே முகம்.

"இப்பக் கூப்புடலாமில்ல, கம்பவுண்டரே?"

காட்டில் மாடு எப்படிச் சாகிறது என்பதை நான் இன்றுவரை நேரில் கண்டதில்லை; ஊரில் ஒரு மாடு அப்படிச் சாவதற்கு எத்தனை நல்லவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் கண்டுவிட்டேன்.